அரை விநாடிப் பிசகு

தென்காசி
10-11-2024

அன்புள்ள மணியண்ணனுக்கு,

குழல்வாய்மொழி எழுதுகிறேன். நீங்கள் புளியங்குடிக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. இதற்குள் எழுதியிருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் உங்கள் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், வீடே சுற்றி நின்று கேட்கும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஜெயசித்ரா மதினி உறையைப் பிரித்து உங்கள் மேசையில் வைத்தால் போதும்.

இல்லத்தில் எல்லோரும் சுகம். அருவியில் வெள்ளம் வருகிறது என்று இரண்டு நாளாகக் குளிக்க விடவில்லை. அடுத்த வாரம் மாலை போட்ட சாமிமார் வரத் தொடங்கிவிடுவார்கள், பழைய குற்றாலம் சாலையில் பஸ்ஸை நகர்த்த முடியாது. ரவி சதுரங்கம் ஆட ஆள் இல்லாமல் என்னைப் பிடித்துவைத்திருக்கிறான். ஆறு நகர்த்தலில் தோற்கடித்துவிட்டு, "மணியண்ணன்னா அரைமணி நேரம் தாங்குவாரு" என்கிறான். அச்சகத்திலிருந்து வரும் அழைப்பிதழ்களை உங்களுக்குப் பதில் நான்தான் பிழை பார்க்கிறேன். போன வாரம் ஒரு காதுகுத்து அழைப்பிதழில் தாய்மாமன் பெயரே விட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. அந்த மாமன் அச்சகத்து வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் செத்துப்போனேன் என்று எவன் சொன்னான் என்று கேட்டாராம். உங்கள் கண்ணுக்கு அது தப்பியிருக்காது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, உங்கள் கட்டில். இல்லத்தில் சேர விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள். தை பிறந்ததும் உங்கள் கட்டிலை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாக ஸ்டான்லி சார் சொன்னார். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இன்னொன்று, உங்களுக்காகப் பேசும் பலகை. ஒளி கட்டம் கட்டமாக நகரும்போது வேண்டிய சொல் இருக்கும் கட்டத்தில் நீங்கள் கன்னத்தைச் சாய்த்துப் பொத்தானை அமுக்குகிறீர்கள். புதிய லேப்டாப்பில் அது கொஞ்சம் பிந்தி எடுத்துக்கொள்ளக்கூடும். மதினியிடம் சொல்லி, ஒளி ஒரு கட்டத்தில் நிற்கும் நேரத்தை இரண்டு விநாடியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். எப்படிச் செய்வது என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். சின்னத் திருத்தம்தான்.

அன்புடன்,
குழலி


புளியங்குடி
19-11-2024

குழலி,

லெட்டர் வந்துச்சு. நான் பேசுததும் எழுதுததும் ஒரே பலகையிலதான். அதனால எழுத்துத் தமிழ எங்கிட்ட எதிர்பாக்காத. இந்தப் பக்கத்துக்கு மூணு நாள் ஆச்சு. வேற வேலையும் இல்ல.

படம் நல்லாருக்கு. நேரத்தக் கூட்டல. ஜூலை மாசமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஒரு கட்டம் வேணும்னா அதுக்கு முந்தின கட்டத்துல அமுக்கணும். இப்ப பழகிட்டேன். "தண்ணி" வேணும்னா "சரி"யில அமுக்குதேன். "சரி" வேணும்னா "வேண்டாம்"ல அமுக்குதேன்.

"வேண்டாம்"ல அமுக்குனா "சரி"ன்னு சொல்லும். இத நீ ரெண்டு தரம் வாசி.

கட்டில் விஷயத்துக்குப் பெறவு பதில் சொல்லுதேன். மொதல்ல நீ எனக்கு ஒண்ணு சொல்லு. கொஞ்சம் பிந்தும்னு எழுதியிருக்க. அது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

மணிமுத்து


தென்காசி
24-11-2024

அன்புள்ள மணியண்ணனுக்கு,

செப்டம்பரில் தெரிந்தது. எப்படி என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

பலகை பழைய விண்டோஸுக்காக எழுதிய புரோகிராம். எழுதிக் கொடுத்த பொறியாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இந்த வருடச் சாரலில் ஈரம் இறங்கிப் பழைய கம்ப்யூட்டர் போனதும், நன்கொடையாக வந்த லேப்டாப்பில் அதை ஓட்டிப் பார்த்தேன். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பலகைக்கு அந்த இடம் புரியவே இல்லை. எனவே லினக்ஸுக்குள் ஒரு எமுலேட்டரைப் போட்டு, அதற்குள் ஒரு பழைய விண்டோஸை எழுப்பினேன். பலகை எது கேட்டாலும், பழைய கம்ப்யூட்டர் எப்படிப் பதில் சொல்லியிருக்குமோ அப்படியே எமுலேட்டர் பதில் சொல்லும். தான் இடம் மாறியது பலகைக்குத் தெரியாது. மூன்று வாரம் ஆனது. நீங்கள் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், முதல் முறையாகக் கட்டங்கள் வரிசையாக ஒளிர்ந்தபோது, கணினி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் நடுவில் ஒருவர் வாங்கி மொழிபெயர்த்துக் கொடுத்தால் நேரம் பிடிக்கும். பிடித்தது. அரை விநாடி.

நான் சோதித்துப் பார்த்தேன், அண்ணே. நூறு முறை அமுக்கினேன், நூறும் சரியாக விழுந்தன. என் விரலால் அமுக்கினேன். ஒளி வந்த உடனே என் விரல் அமுக்கிவிடும், அதற்குப் பிறகு அரை விநாடி பிந்தினாலும் ஒளி அதே கட்டத்தில்தான் நிற்கும். உங்களுக்குக் கழுத்து திரும்பி, கன்னம் பொத்தானைத் தொடவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதற்கு மேல் அரை விநாடி என்றால், ஒளி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். உங்களுக்கான ஒன்றை என் கையை வைத்துச் சரிபார்த்தேன்.

செப்டம்பரில் ரவிக்கும் அதே மாதிரி ஒன்று போட்டுக் கொடுத்தேன். இப்போது அவன் சதுரங்கக் கேலியெல்லாம் அதில்தான். டீ வேண்டுமா என்று கேட்டால் "சரி" என்று வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் பொத்தானை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல மெதுவாகத் திரும்பி அமுக்கிப் பார்த்தேன். வந்த பத்தும் தப்பு.

உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்த நாளெல்லாம், நீங்கள் அங்கே நன்றாக இருப்பதாக உங்கள் அண்ணன் ஸ்டான்லி சாரிடம் சொன்னது நினைவுக்கு வரும். எழுந்துவிடுவேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

குழலி


புளியங்குடி
4-12-2024

குழலி,

செப்டம்பர்னு சொல்லுத. இருக்கட்டும். அன்னைக்கு நடந்தத நான் பாத்த மாதிரி எழுதுதேன். நீ பாத்த மாதிரி பெறவு எழுது.

ஜூலை பதினாலு, ஞாயித்துக்கெழம. காலையில நீ கேட்ட எல்லாத்துக்கும் "சரி"ன்னு அமுக்குதேன், "தண்ணி"ன்னு வருது. இட்லி வைக்கட்டுமான்னா தண்ணி. சட்ட மாத்தலாமான்னா தண்ணி. மூணு டம்ளர் குடிச்சேன். "அண்ணே, இன்னைக்கு ஐந்தருவியையே குடிச்சிருவீங்க போல"ன்னு சொல்லி நீ சிரிச்ச.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். மெயின் அருவியில குளிச்சுட்டு ஈரத் தலையோட, மதினி, மச்சான், மாமா எல்லாருமா ஒரு வேன்ல. மூணு நாள்ல ஆடி பொறக்கு, ஆடியில இடம் மாத்தக்கூடாது, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருதேன்னான். ஸ்டான்லி சார், மணியே அவரு வாயால சொல்லட்டும்னாரு. நல்ல மனுஷன். உன்னக் கூப்புட்டுப் பலகைய என் முன்னால வைக்கச் சொன்னாரு.

அண்ணன் முட்டுக்கால் போட்டு ஒக்காந்தான். "ஏலே மணி, நம்ம வீட்டுக்கு வந்துருதியாலே?"

நான் "வேண்டாம்"ல அமுக்குனேன். "சரி"ன்னுச்சு. தப்பா வந்துருச்சேன்னு திரும்ப அமுக்குனேன். "சரி." இன்னொரு தரம். "சரி." மாமா சொன்னாரு, "பயலுக்கு என்னா அவசரம் பாரு, வேன்ல இடம் புடிங்கப்பா"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கையும் காலும் தானா அடிச்சுக்கிச்சு. சந்தோசத்துல துள்ளுதான்னாங்க. அண்ணன் என்னக் கெட்டிப் புடிச்சு அழுதான்.

பெறவு கண்ண மூடிட்டேன். நான் கண்ண மேல தூக்குனா ஆமா, மூடுனா இல்ல. பலகை வாரதுக்கு முன்னால எனக்கு அதான் பேச்சு. இல்லத்துல அது தெரிஞ்சது ரவிக்கும் உனக்குந்தான். ரவி அப்ப பிசியோ ரூம்ல இருந்தான். நீ எனக்கு நேரா நின்ன. வேன்ல தூக்கி வைக்க வரைக்கும் நான் கண்ணத் தொறக்கல.

இங்கன யாரும் என்னக் கொடும பண்ணல. கேக்கதுக்கு முன்னாலயே வாசல்ல என் சக்கர நாற்காலிக்குச் சரிவு கட்டியிருந்தான் அண்ணன். பலகை வைக்க ஆசாரிய வரவழச்சு மேசை செஞ்சான். அதுக்குப் பத்து நாள். பத்து நாளா எனக்கு வாயில்ல. மேசை வந்த அன்னைக்குத் தெருவே வந்து நின்னுச்சு, நான் என்ன சொல்லப்போறேன்னு. நல்லாருக்கேன்னு அடிச்சேன். அத அமுக்குனது நாந்தான், அது உன் தப்பில்ல. எலுமிச்சங்கா மார்க்கெட் பூராவும் அதச் சொல்லிட்டு வந்தான் அண்ணன்.

ஆனா எனக்கு இங்கன வேல இல்ல, குழலி. அழைப்பிதழ் கேட்டேன். நீ எதுக்குலே கஷ்டப்படணும், டிவி பாருன்னான். உன் பலகைக்குத் தான் வேற வீட்டுல இருக்கோம்னு தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்ப நீ சொல்லு. எனக்கு நேரா நின்ன நீ எதப் பாத்த?

மணிமுத்து


தென்காசி
9-12-2024

அன்புள்ள மணியண்ணனுக்கு,

பார்த்தேன்.

செப்டம்பர் என்று எழுதியது பொய் இல்லை. அரை விநாடிக் கணக்கு செப்டம்பரில்தான் புரிந்தது. ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே வேறு கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன்.

மூன்றாவது "சரி" வந்தபோதே காலையில் கொடுத்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. எதுவோ பிசகு என்று பட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தீர்கள். அழுகிறார், அதனால் மூடியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் அழும்போது கண்ணை மூட மாட்டீர்கள். உங்கள் அம்மா இறந்த செய்தி வந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குத் தெரியும்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நாலு மாதமாக யோசிக்கிறேன். அந்த நிமிடத்தில் ஸ்டான்லி சார் எல்லோருக்கும் முன்னால், இந்தப் பிள்ளை மூன்று வாரம் உட்கார்ந்து இதைப் பேச வைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்து, "எந்தம்பிக்கு நீங்கதான் வாய் குடுத்துருக்கீங்க தாயி" என்றார். அந்தக் கைகளை விடுவித்துக்கொண்டு, அது அவர் சொன்ன சொல் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெருமையாக இருந்தது, அண்ணே. அது போய்விடுமே என்று இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. வேனில் உங்கள் மடியில் வைக்க லேப்டாப்பைத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் நான்தான்.

இதோடு உங்கள் அண்ணனுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அன்று பலகை தவறாகச் சொன்னது, நீங்கள் அமுக்கியது "வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். கண்ணைப் பற்றி அதில் இல்லை. எழுதினேன், பிறகு அடித்துவிட்டு வேறு தாளில் நகல் எடுத்தேன். இதையும் உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

குழலி


புளியங்குடி
20-12-2024

குழலி,

தாளக் கொடுத்தேன். கொடுத்துருக்கக் கூடாது.

அண்ணன் நின்னுக்கிட்டே வாசிச்சான். பெறவு ஒக்காந்து வாசிச்சான். மார்க்கெட்டுக்குப் போயிட்டான். மத்தியானம் சோத்துக்கு வரல. சாயங்காலம் வந்து கேட்டான், "இப்ப கேக்கேன், சொல்லு. இங்கன இருக்கியா, அங்கன போறியா?"

நான் ஒரு கட்டம் முந்தி, பாத்துப் பாத்து அமுக்குனேன். "போறேன்." மூணு தரம் அமுக்குனேன். மூணு தரமும் "போறேன்"தான் வந்துச்சு.

அவன் உன் தாளை எடுத்து ஆட்டுனான். "அன்னைக்கும் மூணு தரம் சரின்னுச்சுல்லா? அன்னைக்குப் பொய் சொன்ன மிஷினு இன்னைக்கு மட்டும் நெசமாச் சொல்லுமோ? எந்தம்பி அப்படிச் சொல்ல மாட்டான்." சிரிச்சுட்டான். நெஞ்சுல இருந்த பாரம் எறங்குன மாதிரி சிரிச்சான்.

அதுல இருந்து பலகையில நான் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டுப் போறான். நேத்து காலு வலிக்குதுன்னேன். மிஷினு சொல்லுது, மணி சொன்னானான்னு தெரியலயேங்கான். மச்சானும் அதே சொல்லுதாரு. வீட்டுக்கே இப்ப அது ஒரு வேடிக்கை.

நாலு மாசம் பொய்யா இருந்தாலும் எனக்கு ஒரு வாய் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. நெசத்தச் சொல்லுதேன்னு பாதியச் சொன்ன. அந்தப் பாதிய வச்சே என் வாய அடச்சுட்டான்.

மார்கழி நடக்கு. தைக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு.

மணிமுத்து


தென்காசி
25-12-2024

அன்புள்ள மணியண்ணனுக்கு,

கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துத்தான் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இலஞ்சி வரை போய்விட்டேன்.

நேரே புளியங்குடிக்குக் கிளம்பிவந்து, உங்கள் கண் என்ன சொல்கிறது என்று உங்கள் அண்ணனுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. புது பஸ் நிலையம் வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது, அதுவும் உங்களுக்குப் பதில் நான் பேசுவதுதானே என்று பட்டது. ஏற்கெனவே ஒரு முறை என் கையை வைத்து உங்கள் காரியத்தை முடிவு செய்திருக்கிறேன். திரும்பிவிட்டேன். இது சரியா, இல்லை இதுவும் ஒரு சாக்கா என்று எனக்கே தெரியவில்லை. வரச் சொன்னால் அன்றைக்கே வருவேன்.

கட்டில் விஷயமாக ஸ்டான்லி சாரைப் பார்த்தேன். தை ஐந்து வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டார். பலகை தவறிப்போனதைச் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன், யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை.

குழலி


புளியங்குடி
6-1-2025

குழலி,

நீ வர வேண்டாம்.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் சாப்புட்டுக்கிட்டு இருந்தான். நான் பலகையில "கொழம்புல உப்பு இல்ல"ன்னேன். அவன் வழக்கம்போல, "மிஷினுக்கு உப்பு வேணுமாம்"ன்னான். மதினிக்குக் கோவம் வந்துருச்சு. மதினிக்குக் கோவம் வந்து நான் பாத்ததில்ல.

"மிஷின அமத்துங்க. அவுக கண்ணப் பாருங்க. நாலஞ்சு மாசமா நான் அதுலதான் கேக்கேன். மேல பாத்தா ஆமா, மூடுனா இல்ல."

"இத ஏம்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க? நீங்கதான் பேசிக்கிட்டே இருக்கேளே."

அவன் கைகழுவிட்டு வந்து எனக்கு முன்னால ஒக்காந்தான். கையில எலுமிச்சங்கா வாடை போகல. மொதல்ல நம்பல. "எம்பேரு நயினாரா?" மேல பாத்தேன். "எம்பேரு கலெக்டரா?" மூடுனேன். "கொழம்புல உப்பு இல்லயா?" மேல பாத்தேன். "அது எனக்கும் தெரியும்"ன்னான், மதினி அடிக்க வந்தா. "நான் கருப்பா?" மேல பாத்தேன். சிரிச்சுட்டான். முப்பத்தாறு வருசமா அண்ணன் தம்பி. அன்னைக்குத்தான் அவன் கேட்டு நான் பதில் சொன்னேன்.

பெறவு சிரிக்கல. "இங்கன யாரும் உன்னக் கொறையா நடத்துனாங்களாலே?" மூடுனேன். "எம்மேல வருத்தமா?" மூடுனேன். "அப்ப இங்கனயே இருந்துருதியா?" மூடுனேன். கண்ணுல தூசி விழுந்துட்டோன்னு மதினியப் பாத்துக் கேட்டான். துண்டால தொடச்சுவிட்டான். திரும்பக் கேட்டான். மூடுனேன். "அங்கன போணுமா?"

மேல பாத்தேன். அவன் வேற எதுவும் கேக்காத வரைக்கும் கண்ண எறக்கல. கழுத்து வலிச்சுது.

மார்க்கெட்டுக்குப் போன் போட்டு இன்னைக்கு வரலன்னான். சரிவுல போய்க் கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தான். மதினி டீ கொண்டுபோய்க் கொடுத்தா, குடிக்கல. திரும்ப வந்து எம்முன்னால ஒக்காந்தான்.

"அன்னைக்கு இல்லத்துல வச்சுக் கேட்டேன்ல. அப்பவும் இப்படிக் கண்ண மூடுனியாலே?"

மேல பாத்தேன்.

"நீ அழுதன்னு நெனச்சேன்." பெறவு கேட்டான். "இது தெரிஞ்சவுக யாராவது அங்கன நின்னாங்களா? உன் கண்ணப் பாத்தாங்களா?"

குழலி, நான் யோசிச்சேன். கண்ணால பதில் சொல்லுதவனுக்கு யோசிக்க ரொம்ப நேரம் கெடையாது, எதுர இருக்கவன் பாத்துக்கிட்டே இருப்பான். உன்ன நெனச்சேன். அஞ்சு வருசமா அழைப்பிதழ் கட்டத் தூக்கிக்கிட்டு நீ வந்தத நெனச்சேன். மூணு டம்ளர் தண்ணியையும் நெனச்சேன்.

மேல பாத்தேன்.

"யாரு?"

பேரு சொல்லக் கண்ணுக்கு வழியில்ல. பலகை பக்கத்துலதான் இருந்துச்சு. மதினி அத எம்பக்கம் நகத்துனா. நான் கன்னத்தத் திருப்பல. அவன் ரொம்ப நேரம் காத்திருந்தான். பேரெல்லாம் சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்தா உம்பேரும் வந்துருக்கும். அவன் அப்படிக் கேக்கல. "சரி, வாரப்ப நானே கேட்டுக்கிடுதேன்"ன்னான்.

உன்ன மன்னிச்சுட்டேன்னு எழுதணும்னுதான் நாலு நாள் முந்தி ஆரம்பிச்சேன். அந்த வார்த்தைய இன்னும் அடிக்கல.

தை நாலு, வெள்ளிக்கெழம, பத்து மணிக்கு மேல வருதோம். அண்ணந்தான் கொண்டாந்து விடுதான். நீ வாசல்ல நில்லு.

மணிமுத்து